‘கூட்டு’ விடுதியின் சூப்பர்வைசர்

கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் நடுவே, தோசையின் கனத்தை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து பார்த்த மனிதர் இதுவரை ஒருவர்தான் இருந்திருக்கிறார். இன்னொருவர் வருவார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சூப்பர்வைசர். அப்பா அம்மா வைத்த பெயர் விடுதியின் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. மூன்று வருடத்தில் அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. ஒருமுறை அவருடைய தம்பி வாசலில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டோம். தம்பி புதுவாயல் வரை நடந்துபோய் அங்கிருந்து போன் செய்தார். உள்ளே அவித்துக்கொண்டிருந்த இட்லியைப் போட்டுவிட்டு ஓடினார் சூப்பர்வைசர்.

விடுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழகம் நெடுஞ்சாலையோரம் வாங்கிய நிலத்தில், மூடிப்போன, கூரை ஓடு செய்யும் கம்பெனி ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பும் சேர்ந்தே வந்துவிட்டது. ஒரே வரிசையில் பதினான்கு அறைகள், கடைசியில் ஒரு பெரிய சமையலறை, பின்னால் நான்கு கக்கூஸ். பெரிய விடுதியில் இடம் கிடைக்காத பதினோரு பேர் டீன் மேடத்தின் அறை வாசலில் ஒரு வாரம் நின்றோம். எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அவர், அந்தக் குடியிருப்பின் சாவியைக் கொடுத்தார். வார்டன் கிடையாது, சமையல்காரர் கிடையாது, நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்றார். பெயர், மாணவர் கூட்டுறவு விடுதி. வளாகத்தில் அது ஒரே மாதத்தில் ‘கூட்டு’ ஆகிவிட்டது. எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால் கூட்டுல என்போம். பக்கத்தில் பொரியல் இருக்கா என்று கேட்காத பேராசிரியர் இல்லை.

அந்தப் பதினோரு பேரில் பத்துப் பேருக்குப் பதினெட்டு வயது. பதினோராவது ஆளுக்கு முப்பது. பன்னிரண்டாவது முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் சேர்ந்து, பதினொரு வருடம் வேலை செய்து, மில் மூடியதும் பி.ஏ. வரலாறு படிக்க வந்தவர். முதல் நாள் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மஞ்சள் ஹெல்மெட், காலில் சேஃப்டி ஷூ. வகுப்புக்கும் அதே ஷூ, பொங்கலன்று பட்டு வேட்டிக்கும் அதே ஷூ. வந்தவர் பெட்டியை அறையில் வைப்பதற்கு முன்னால் சமையலறைக்குப் போய், சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் எத்தனை அடி என்று பாதத்தால் அளந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, “இன்னாபா, எல்லாரும் உயிரோட ஊட்டுக்குப் போற ஐடியா கீதா இல்லையா?” என்று கேட்டார். சிலிண்டரை வெளியே தள்ளி வைத்துக் குழாய் இழுக்கும்வரை எங்களுக்கு அன்றைக்கு டீ கிடையாது.

அடுத்த வாரம் சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை ஏறியது. ‘இங்கு விபத்து இல்லாத நாட்கள்’ என்று பெயின்டில் எழுதியிருக்கும். எண்ணை மட்டும் தினமும் காலையில் சாக்பீஸால் மாற்றுவார். தொழிற்சாலைகளில் இப்படி ஒரு பலகை இருப்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே விபத்து என்றால் விரல் போவது, கை போவது. சூப்பர்வைசரின் கணக்கில் ரசத்தில் உப்பு இல்லாவிட்டாலும் விபத்துதான். சோறு குழைந்தால் விபத்து. பால் பொங்கி வழிவதற்கு ஒரு நொடி முன்னால் அடுப்பை அணைத்துவிட்டால் அது ‘நியர் மிஸ்’. பலகை பூஜ்யத்துக்குப் போகாது, ஆனால் சம்பந்தப்பட்டவருக்குப் பத்து நிமிடம் வகுப்பு உண்டு. மூன்று வருடத்தில் நாங்கள் ஒன்பதைத் தாண்டியதில்லை.

சமையலுக்கு ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட் போட்டார். எனக்குக் கிடைத்தது ஏ ஷிஃப்ட், அதாவது காலை நாஷ்டா. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காமல் வளர்ந்தவன் நான். என் முதல் சப்பாத்தியை அவர் காலிப்பரின் இரண்டு தாடைக்கு நடுவில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

“நாலரை மில்லி. இது சப்பாத்தி இல்ல நைனா, கேஸ்கெட்.”

சொல்லிவிட்டு அதையே எடுத்துச் சாப்பிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். யார் செய்தது எப்படி இருந்தாலும் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்.

இரண்டாம் வருடம் புது ஆட்கள் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தீ விபத்து ஒத்திகை நடத்தினார். தட்டைக் கரண்டியால் அடித்ததும் எல்லாரும் வாகை மரத்தடிக்கு ஓட வேண்டும். ஓடினோம். ஆஜர் எடுத்ததில் ஒரு ஆள் குறைந்தது. தினேஷ் என்ற ஜூனியர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கூட்டி வந்திருக்கலாம். ஆனால் ஒத்திகை என்றால் ஒத்திகை. ஈரக் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, தவழ்ந்தே உள்ளே போய், பெட்ஷீட்டோடு அவனைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்து மரத்தடியில் கிடத்தினார். கண் விழித்த தினேஷ் தன்னைச் சுற்றி நின்ற இருபது முகங்களைப் பார்த்து, தான் செத்துவிட்டதாக முடிவு செய்து அழ ஆரம்பித்தான்.

அதற்கு முன்பே, முதல் வருட முடிவில் டீன் மேடம் எங்களைப் பார்க்க வந்தார். அனுமதியை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வருகை. நாங்கள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறோம். சமையலறை வாசலில் சூப்பர்வைசர் மேடத்தை மறித்து, தன் மஞ்சள் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நீட்டினார். கூரையில் ஒரு ஓடு ஆடிக்கொண்டிருந்தது, அதை மாற்றும்வரை யாராக இருந்தாலும் ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடுவதில்லை என்றார். எங்கள் விடுதி அந்த நிமிடமே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மேடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். அன்றைய எண் ஆறு. ஆறு நாளைக்கு முன்னால் என்ன விபத்து என்று கேட்டார். “புளிக்கொழம்பு மேடம், ரெண்டு பேரு தனித்தனியா உப்பு போட்டுட்டாங்க” என்றார் சூப்பர்வைசர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மேடம் ஹெல்மெட்டோடேயே சமையல் மேடையில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே ஏதோ ஒரு வரி எழுதவும் செய்தார். என்ன எழுதினார் என்று நாங்கள் பார்க்கவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்து, ஒரு பச்சை ஃபைலில் போட்டு வைத்தவர் சூப்பர்வைசர்தான்.

கூட்டில் எல்லாமே ஓட்டுதான். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. கத்தரிக்காய் வாரத்தில் எத்தனை நாள் என்பதிலிருந்து பாத்ரூமில் பாட்டுப் பாடலாமா என்பதுவரை கை தூக்கித்தான் முடிவு. சூப்பர்வைசருக்கும் ஒரு கைதான். தோற்றால் அப்படியே ஏற்றுக்கொள்வார். கத்தரிக்காயில் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். ரசத்தில் பூண்டு தட்டிப் போடுவதா முழுசாகப் போடுவதா என்ற விவாதம் ஒருநாள் மதியம் இரண்டு மணிவரை போய், பேசிய அத்தனை பேரும் பட்டினி கிடந்த பிறகு, அவரே ஒரு விதி கொண்டுவந்தார். யாராக இருந்தாலும் இரண்டு நிமிடம்தான் பேச வேண்டும். செயலாளர் வாட்ச்சைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

அந்த விதியால் அதிகம் அடிபட்டவர் அவர்தான். எதையும் அடியிலிருந்து ஆரம்பிக்காமல் அவருக்குப் பேச வராது. குக்கர் வால்வை மாற்ற வேண்டும் என்று சொல்ல, தான் அப்ரென்டிஸாகச் சேர்ந்த காலத்து பாய்லரிலிருந்து தொடங்குவார். இரண்டு நிமிடம் முடியும்போது பாய்லருக்குத் தண்ணீர்கூட நிரப்பியிருக்க மாட்டார். நேரமாகிவிட்டது என்றதும், பாதி வார்த்தையில் நிறுத்தி உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாம் வருடம் நாங்கள் இருபத்தேழு பேர். நான் செயலாளர். என்னைச் செகரட்டரி என்றுதான் கூப்பிடுவார், அதில் கொஞ்சம் பெருமை தெரியும். ஜனவரியில் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் எனக்கு நேர்முகத் தேர்வு வந்தது. சூப்பர்வைசர் இரண்டு நாள் என்னைத் தயார் செய்தார். கெமிஸ்ட்ரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. “உள்ள போனா தரைல மஞ்சக் கோடு போட்டு வெச்சிருப்பான். அதுக்கு உள்ளயே நடந்து போ. கண்ணாடி வழியா பாத்துகினு இருப்பான்” என்றார். நடந்தேன். இன்டர்வியூ செய்தவர் முதலில் கேட்டதே, இதற்கு முன்னால் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தாய் என்றுதான். வேலை கிடைத்தது. அன்றைக்கு என் ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்து, இருபத்தேழு பேருக்குப் பொங்கலும் சாம்பாரும் செய்திருந்தார் அவர்.

அதே நாள் சாயங்காலம் நானும் தினேஷும் ஒரு தீர்மானத்தை டைப் செய்துகொண்டிருந்தோம். இனி நாங்கள் சமைப்பதில்லை. புதுவாயலில் இருக்கும் ஒரு கேட்டரிங்காரரிடம் சமையலையும் துப்புரவையும் ஒப்படைப்பது. தினேஷ் அப்போது இரண்டாம் வருடம். மாவு பிசைகிற நேரத்தில் படித்தால் நல்ல வேலைக்குப் போகலாம் என்பது அவன் கட்சி. நானும் அதை நம்பினேன். சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பாய்லரிலிருந்து ஆரம்பிப்பார் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தினேஷ் ஒன்றரை நிமிடத்தில் பேசி முடித்தான். சூப்பர்வைசர் எழுந்தார். மில்லில் ஒரு கேன்டீன் இருந்தது என்று ஆரம்பித்தார். அந்தக் கேன்டீனைத் தொழிலாளர்களே நடத்தினார்கள், வெங்காயம் உரிக்கும் மேஜை ஜன்னலோரம் இருந்தது, ஏன் ஜன்னலோரம் என்றால்... பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். நான் வாட்ச்சைப் பார்த்தேன்.

“அண்ணா, டைம் ஆயிடுச்சு.”

“இன்னும் பாயின்ட்டுக்கே வர்ல செகரட்டரி.”

“ரூல் நீங்க போட்டதுதானே அண்ணா.”

என்னைப் பார்த்தார். கரெக்ட் என்று சொல்லி உட்கார்ந்தார்.

கை எண்ணுவது எப்போதும் அவர் வேலை. அன்றும் அவர்தான் எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு, சந்தேகம் வரக்கூடாது என்று மறுபடியும் எண்ணினார். என் கையைத் தாண்டும்போது அவர் விரல் நிற்கவும் இல்லை, வேகமாகப் போகவும் இல்லை. “இருவது. பாஸ்” என்றார். நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார். கேட்டரிங்காரர் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும், இனி எதற்கு என்று பெரும்பாலோர் ஷிஃப்ட்டுக்கு வரவில்லை. தீர்மானத்துக்குக் கை தூக்காதவர்களில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவர்தான் எல்லாருக்கும் சமைத்தார்.

தீர்மானம் நிறைவேறிய அன்று சாயங்காலமே என் அறைக்கு வந்து, அந்தப் பச்சை ஃபைலை மேஜைமேல் வைத்தார். “ஓட்டு போட்டது போட்டதுதான். ஆனா இத ஒரு வாட்டி படிச்சிடு. நீதான செகரட்டரி” என்றார். படிக்கிறேன் அண்ணா என்றேன். மறுநாள் வேலையில் சேர வேண்டிய படிவங்கள் வந்தன. அவற்றை ஃபைலின்மேல் வைத்தேன். மருத்துவச் சான்றிதழ் வந்தது, அதையும் மேலே வைத்தேன்.

கேட்டரிங் சாப்பாட்டைச் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டார். சப்பாத்தி ஐந்து மில்லிக்குக் குறைந்திருக்காது. அவர் ஏதாவது சொல்லமாட்டாரா என்று நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். பலகையில் எண்ணை மாற்றுவதை நிறுத்திவிட்டார். பொதுக்குழுவுக்கு ஆள் வருவது குறைந்தது. கூடிப் பேச ஒன்றும் மிச்சமில்லை. ஏப்ரலில் அவருக்குத் தேர்வு முடிந்த அன்று நான் கம்பெனிப் பயிற்சியில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் அறை காலியாக இருந்தது. தரையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருந்தார். கக்கூஸையும் கழுவிவிட்டுப் போனார் என்றார்கள். துப்புரவுக்கு ஆள் வந்துவிட்டாலும், பழைய பட்டியலின்படி அந்த வாரம் அவருடைய முறை.

ஜூனில், நான் அறையைக் காலி செய்வதற்கு முன்பே, பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெளி ஒப்பந்தக்காரர் வந்துவிட்டதால் இது இனி சாதாரண விடுதி, வார்டன் நியமிக்கப்படுவார், மாணவர் பொதுக்குழு கலைக்கப்படுகிறது. நான் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உங்கள் அனுமதிக் கடிதத்தை நீங்களே படித்ததில்லையா தம்பி என்று கேட்டு, தன்னிடம் இருந்த நகலைக் காட்டினார். டீன் மேடம் கையெழுத்துக்கு மேலே எழுதிய வரி இதுதான்: மாணவர்களே சமைத்து, மாணவர்களே சுத்தம் செய்து, வெளியாள் யாருமில்லாமல் நடத்தும்வரை மட்டுமே இந்த அனுமதி செல்லும். மேடம் அதற்குள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார்.

அறைக்கு வந்து பச்சை ஃபைலைத் தோண்டி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே அந்தக் கடிதம். அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. பக்கத்தில் ஒரு தாள், பொதுக்குழுவில் பேசுவதற்காக அவர் எழுதி வைத்த குறிப்பு. ஒன்பது பாயின்ட். ஒன்று, மில் கேன்டீன். இரண்டு, வெங்காய மேஜை. இந்த அனுமதி வரி ஒன்பதாவது. எனக்குச் சிரிப்பு வந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவன், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

வார்டன் வந்தார். எட்டு மணிக்கு கேட் பூட்டப்பட்டது. மூன்று மாதம் கழித்து தினேஷ் போன் செய்தான். சாம்பாரில் தண்ணீர், கேட்டால் வார்டன் கத்துகிறார், ஒரே பேஜாரு என்றான். கடைசியில் தயங்கித் தயங்கி, சூப்பர்வைசர் அண்ணன் நம்பர் இருக்கா என்று கேட்டான். என்னிடம் இருந்த நம்பர் அப்போதே உபயோகத்தில் இல்லை. அவருடைய ஊர் பொன்னேரிப் பக்கம் என்று மட்டும் தெரியும். எந்த ஊர் என்று நாங்கள் யாரும் கேட்டு வைக்கவில்லை.

நான் இன்றும் அதே பெயின்ட் கம்பெனியில்தான் இருக்கிறேன். வீடு வேப்பம்பட்டில். போன வருடம் ஒருநாள் கூட்டைப் பார்க்கலாம் என்று போனேன். ஓடுகளை இறக்கிவிட்டு மாடி கட்டியிருந்தார்கள். வாசலில் கைரேகை வைக்கும் மெஷின். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்றார். முன்பு இங்கே இருந்தவன் என்றேன். எந்த பிளாக் என்றார். எங்கள் காலத்தில் பிளாக் இல்லை என்றேன். அப்படியென்றால் இந்த விடுதியாக இருக்காது சார், விசாரித்துப் பாருங்கள் என்றார்.

போன மாதம் சாயங்கால ரயிலில் கும்மிடிப்பூண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். படியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவனை யாரோ பையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஏன் தொங்கக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம், தண்டவாளத்துக்கு இரும்பு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கியது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

தலை பாதி நரைத்திருந்தது. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதாகவும், கல்யாணமாகிப் பொன்னேரியில் இருப்பதாகவும் சொன்னார். என்னைச் செகரட்டரி என்றுதான் கூப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அவரைப் பேசவிட்டிருக்க வேண்டும், ஃபைலைப் படித்திருக்க வேண்டும், இரண்டும் என் தப்பு என்று சொன்னேன்.

கவரைப்பேட்டையில் அந்த மாணவன் ஒழுங்காக இறங்குகிறானா என்று பார்த்தார். பிறகு, “எம்மேலயும் தப்பு கீதுபா. மொதல்ல சொல்ல வேண்டியத கடைசில வெச்சிகினேன்” என்றார். வண்டி கிளம்பியதும், “நீ கை தூக்குனது ஒண்ணும் இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தகூட கேக்காம தூக்கிட்டியேன்னுதான் கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு” என்றார்.

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

“அண்ணா, அந்த கேன்டீன்ல அப்புறம் இன்னா ஆச்சு?”

அவர் முகம் மாறியது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கேன்டீனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் மில்லைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். மில்லைக் கட்டியவர் யார், அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று தொடங்கினார். பொன்னேரி வந்தபோது அவர் கதையில் கேன்டீனுக்கு இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. நான் சென்ட்ரல் போய், அங்கே இன்னொரு ரயில் மாறி, வீட்டுக்குப் போக வேண்டியவன். அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவரோடு இறங்கிவிட்டேன்.